வெள்ளைக் கம்ப்யூட்டருக்கு ஒரு போன்

அத்தியாயம் பதினொன்று

முனாஸ் அடித்த பிறகு ஏதாவது வாங்கிக் கொடுப்பான்.

கல்யாணமாகி நான்கு வருடம். வீட்டிலிருக்கும் பொருட்களில் எது எதற்காக வந்தது என்று நுஸ்லாவுக்குத் தெரியும். பிரிட்ஜ், முதல் நோன்புப் பெருநாளன்று உதடு கிழிந்ததற்கு. தையல் மெஷின் மணிக்கட்டுக்கு. காதில் கிடக்கும் தோடு, அதே காது ஒரு வாரம் கேட்காமல் போனதற்கு. இடது கைச் சுண்டுவிரல் ஒடிந்ததற்கு மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை. அதற்குள் அகீலின் விஷயம் நடந்துவிட்டது.

அகீல் அவளுடைய ஒரே தம்பி. அந்த விரலைப் பற்றி மச்சானிடம் கேட்கத்தான் மாத்தளையிலிருந்து சீகிரியாவுக்கு பஸ் ஏறி வந்தான். நுஸ்லா வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸின் பின் சந்தில் அவனை இரும்பால் அடித்துப் போட்டிருந்தார்கள். பத்து நாளாகக் கண்டி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். உம்மா அவன் கட்டிலை விட்டு நகரவில்லை.

"ஏதாவது இருந்தா நானே போன் அடிப்பேன்," என்று உம்மா சொல்லியிருந்தாள். "அது வரைக்கும் நீ அடிக்காத. மணி கேட்டா எனக்கு உசிரு போகுது."

அடித்தது பழனிமுத்து என்று முனாஸ் பொலிஸில் சொன்னான். பழனிமுத்துவும் முனாஸைப் போல சீகிரியா ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிறவன். அன்று காலை ஓட்டோவை நிறுத்தும் இடத்தில் அகீலுக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு நடந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது.

அடித்தது முனாஸ்.

நுஸ்லா அதை வீடியோப் படத்தில் பார்த்தாள். மேல்மாடி அறையிலிருந்த ஜெர்மன்காரப் பெண் ஜன்னல் வழியாகத் தன் போனில் எடுத்திருந்தாள். ஊருக்குப் போகுமுன் நுஸ்லாவிடம் காட்டினாள். நுஸ்லாவின் போனுக்கு அனுப்பப் பார்த்தாள். அது வேறு கம்பனி. ஏற்கவில்லை. வரவேற்பு மேசையில் நிற்கும் வெள்ளைக் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடியில் போய்விட்டது. அவள் போனும் அதுவும் ஒரே கம்பனி. பிறகு தன் போனிலிருந்து அழித்தாள். இதைத் தூக்கிக்கொண்டு என்னால் விமானம் ஏற முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

நுஸ்லா வாப்பாவிடம் சொன்னாள். வாப்பா ஜவாஹிர் மாத்தளைச் சந்தையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். ஆஸ்பத்திரி வராந்தாவில், சாரத்துக்கு மேல் கட்டியிருந்த அகலமான பச்சைப் பெல்ட்டில் கை வைத்தார். அந்தப் பெல்ட் என்ன செய்யும் என்பது அவளுக்கும் அகீலுக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"புருஷன் கை நீட்டினா அதைச் சொல்லு. கொலைப்பழி போடாத. ஒரு வாரமா என்னைய ஏத்தி இறக்கித் திரியிறவன் அவன்."

"வீடியோவுல கண்ணால பார்த்தேன் வாப்பா."

"எங்க, காட்டு."

காட்ட அவள் கையில் ஒன்றும் இல்லை. அன்று சாயந்தரம் முனாஸிடம், வண்டியில் கிடந்த சக்கரம் கழற்றும் இரும்பு எங்கே என்று கேட்டாள். அவள் போன் சுவரில் மோதி மூன்றாக விழுந்தது. அடுத்து அவள் விழுந்தாள்.

அது மூன்று நாளைக்கு முன். இன்று மாதத்தின் முப்பதாம் தேதி. மாதக் கடைசியில் மேனேஜர் யஹ்யா கம்ப்யூட்டரில் சேர்ந்ததையெல்லாம் அழித்துச் சுத்தம் செய்வான். அதிலிருந்து மெயிலில் ஏதாவது அனுப்பினால் அவனுடைய போனிலும் தெரியும். யஹ்யா முனாஸின் சொந்தக்காரன், சாச்சி மகன். சாயந்தரம் ஐந்து மணிக்கு வாப்பா பொலிஸுக்குப் போகிறார், பழனிமுத்துவின் மேல் கையெழுத்து வைக்க.

காலையில் முனாஸ் விசிலடித்துக்கொண்டே ஓட்டோவைத் துடைத்தான்.

"ஏறு," என்றான். "போன் வாங்குவம்."

*

முனாஸின் ஊர் கலேவெல. பொருள் வாங்கினால் அங்கேதான் வாங்குவான். ஊர் பார்க்க வேண்டும்.

கடைக்கார இளைஞன் பெயர் நிரஞ்சன். கண்ணாடி மேசை நிறைய போன்கள். முனாஸ் நுஸ்லாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் கவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதைக் கண்டு தன் கணவனை இடித்தாள். பாருங்க, எப்படிப் பிடிச்சிட்டு நிக்கிறாருன்னு.

"தம்பி, நம்ம வீட்டு ஆளுக்கு நல்லதாக் காட்டு," என்றான் முனாஸ். " வாங்கினதை ஊரே கேட்கணும்."

"எவ்வளவுக்குள்ள நானா?"

"அவ கை காட்டுறதுதான் விலை."

நிரஞ்சன் நுஸ்லாவைப் பார்த்தான். "அக்காவுக்கு எதுக்குப் பாவிக்க? போட்டோவா, வீடியோ கோல் பேசவா?"

இந்தக் கேள்விக்கு மூன்று நாளாகப் பதில் தேடிக்கொண்டிருந்தாள். "வேலை செய்ற இடத்துல ஒரு கம்ப்யூட்டர். அதோட ஒத்துப்போகணும்."

அவள் சுண்டுவிரலில் ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டுப் போட்டிருந்தது. முனாஸின் விரல்கள் அந்தக் கட்டின் மேல் வந்து நின்றன.

"என்ன கம்ப்யூட்டர் அக்கா?"

"வெள்ளை. பின்னால கடிச்ச ஆப்பிள் படம்."

"கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றான் முனாஸ். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"ரூம்களைப் போட்டோ எடுத்து அதுல ஏத்தச் சொல்றாரு யஹ்யா."

"எங்கிட்டச் சொல்லலியே அவன்."

"உங்ககிட்ட ஏன் சொல்றாரு? தலையணை உறை மாத்தறதையும் சொல்லணுமா?"

முனாஸ் பலமாகச் சிரித்தான். கட்டின் மேல் இருந்த விரல்கள் மூடின. வலி முழங்கை வரை போனது. நுஸ்லா கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு நீலப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிரஞ்சன் ஒரு பெட்டியை எடுத்தான். "அந்தக் கம்ப்யூட்டருக்கு அதே கம்பனி போன்தான் சோடி. ஒண்ணை ஒண்ணு பார்த்த உடனே கண்டுக்கும். ஏத்தலாம், எறக்கலாம், ஒரு வயரும் வேணாம். இது பாவிச்சதுதான், ஆனா கீறல் இல்ல."

முனாஸின் கண் அதன் மேல் விழுந்தது. கையில் எடுத்தான். எடையைப் பார்த்தான். திருப்பித் தன் முகத்தை அதில் பார்த்தான்.

அது பொருத்தமான போன். ஆனால் அதை வாங்கக் கூடாது என்று நுஸ்லாவுக்குப் புரிந்தது. அவ்வளவு அழகான பொருள் அவள் கையில் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. கலேவெல சந்தி தாண்டுமுன் அது முனாஸின் சட்டைப்பையில் இருக்கும்.

"இது எனக்கு வேணாம்," என்றாள். "கீழ விழுந்தா அழுதுட்டு இருக்கணும். வேற கம்பனி காட்டுங்க."

"வேற கம்பனின்னா அந்தக் கம்ப்யூட்டர் சட்டுனு கண்டுக்காது அக்கா. வயர் குத்தினாலும் சார்ஜ்தான் ஏறும். உள்ள இருக்கிறது தெரியாது."

"ஒண்ணும் செய்ய ஏலாதா?"

"ஏலும். கம்ப்யூட்டருக்குப் பின்னால துளை எப்படி? நீளமாச் சதுரமா, சின்னதா முட்டை மாதிரியா?"

"முட்டை மாதிரி. நாலு."

"அப்ப முடிஞ்சது விஷயம்." நிரஞ்சன் இன்னொரு போனை வைத்தான். கறுப்பு. யார் கையிலும் இருக்கிற மாதிரி. அதன் அடியைத் திருப்பிக் காட்டினான். "இதுக்கும் அதே முட்டைத் துளை. பொண்ணு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி கம்பனி, குடும்பமெல்லாம் பார்க்க வேணாம். வாய் ஒண்ணா இருந்தாப் போதும். நடுவுல ஒரு சின்னப் பென் டிரைவ் இருக்கு. அங்க குத்தி எடுத்து இங்க குத்தலாம். இங்க எடுத்து அங்கயும் போடலாம். ரெண்டு பேருக்கும் அது பொதுவான ஆள்."

"ஏத்தினாப் போதும்," என்றாள் நுஸ்லா. "எறக்கத் தேவையில்ல."

சொன்ன வேகம் அவள் காதிலேயே விழுந்தது.

முனாஸ் அவள் விரலை மெதுவாக, ஒரு பக்கமாகத் திருப்பினான். நிரஞ்சனின் கண் ஒரு தடவை அந்தக் கையில் நின்றது. பிறகு கண்ணாடியை மட்டும் பார்த்துப் பேசினான்.

"இதையே எடுங்க நானா. ஓட்டோவுல பாட்டு செட் இருக்கா? அதுக்கும் இது நல்லாப் புடிக்கும்."

செட் என்றதும் முனாஸின் முகம் மாறியது. கைகூடத் தளர்ந்தது. சீகிரியா ஸ்டாண்டில் அவன் ஓட்டோவில் இருப்பது போன்ற செட் யாரிடமும் இல்லை. பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர், தலைக்கு மேல் இரண்டு.

"வா பார்ப்பம்," என்றான்.

வெளியே வெயிலில் நின்று நிரஞ்சன் நுஸ்லாவின் பழைய சிம்மைப் போட்டு, போனை வண்டியின் செட்டோடு இணைத்துக் கொடுத்தான். முனாஸ் ஒரு பாட்டைப் போட்டான். எதிர்க்கடை மரக்கறிக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். இன்னும் சத்தமாக வைத்தான். ஊர் பார்த்தது. முனாஸுக்குத் திருப்தி.

"இனி வண்டியை ஸ்டார்ட் பண்ணினாத் தானாப் புடிச்சிக்கும் நானா," என்றான் நிரஞ்சன்.

போனைத் திறக்கும் விரல் அடையாளமாக முனாஸ் முதலில் தன் பெருவிரலை வைத்தான். பிறகு அவளுடையதை வைக்க விட்டான். அவன் உள்ளே போய்க் கடை முதலாளியின் தோளில் தட்டிக்கொண்டிருந்த நேரம், நிரஞ்சன் ஓட்டோவின் மறுபக்கம் வந்து எதையோ அவள் உள்ளங்கையில் வைத்தான். புளியங்கொட்டை அளவு. உலோகம்.

"போனோட சும்மா குடுக்கிறது அக்கா." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

முனாஸ் வந்து உட்காருமுன் அதை விரல் கட்டுக்குள் செருகிவிட்டாள். குச்சிக்கும் எலும்புக்கும் நடுவில்.

*

தம்புள்ளைக்குப் போகும் வழியில் ஒரு குளக்கட்டு வருகிறது. ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் யானைக்குக் கட்டிய மின்கம்பி, அதற்கப்பால் பற்றைக்காடு. முனாஸ் வண்டியைக் கட்டின் ஓரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.

"இறங்கு."

இறங்கினாள்.

"ஏத்தினாப் போதும்னு சொன்ன. எறக்க வேணாமா?"

"போட்டோ ஏத்தத்தானே சொன்னாரு."

அவன் அவள் தலையைப் பின்னாலிருந்து பிடித்து ஓட்டோவின் இரும்புக் கம்பியில் மோதினான். வண்டி ஆடியது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ பரவி, பிறகு குளம் திரும்பி வந்தது.

"அந்தக் கம்ப்யூட்டர்ல எறக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

மறுபடி மோதினான். இந்தத் தடவை அவள் முழங்காலில் விழுந்தாள். முதுகில் செருப்பு பதிந்தது. நெற்றியிலிருந்து இறங்கியது மூக்கு நுனியில் நின்று புல்லில் சொட்டியது.

"சும்மா குடுப்பானே ஒரு பென் டிரைவ். அது எங்க?"

"தரல."

"பொய்."

"கடையிலயே விட்டுட்டேன் போல. போய்க் கேளுங்க. பொண்டாட்டி தொலைச்சிட்டா, இன்னொண்ணு தாங்கன்னு ஊர் பார்க்கக் கேளுங்க."

அவன் அவள் கைப்பையைப் புல்லில் கொட்டினான். போனைத் திறந்து பார்த்தான். காலியாக இருந்தது. பிறகு குந்தி உட்கார்ந்து அவள் இடது கையை எடுத்தான். கட்டுப் போட்ட விரலைத் தன் கைக்குள் முழுதாக வைத்து நசுக்கினான்.

உலோகம் எலும்பைத் தொட்டது. அவள் உதட்டைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. கைக்குள் கடினமாக இருந்ததைக் குச்சி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"உன் தம்பியும் இப்படித்தான்," என்றான். "பதிலைக் கைவசம் வச்சிட்டு வந்தான்."

"அவன்கூடப் பேசினது பழனிமுத்துன்னு சொன்னீங்க."

முனாஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"ஆமா. பழனிமுத்துதான்."

வண்டி துடைக்கும் துணியை எடுத்துக் குளத்தில் நனைத்து வந்து அவள் நெற்றியைத் தானே துடைத்துவிட்டான். கை மென்மையாக இருந்தது. அடித்த பிறகு எப்போதும் அப்படித்தான்.

"சால்வையை இறக்கிப் போடு. உன்னைக் கெஸ்ட் ஹவுஸ்ல விட்டுட்டு இனாமலுவைச் சந்திக்குப் போய் மாமாவைக் கூட்டிட்டு வாறேன். நாலு மணிக்கு அங்க இருப்பேன். யஹ்யாவை வச்சி அந்தக் கம்ப்யூட்டரை நானே ஒருக்காத் திறந்து பார்க்கிறேன்."

*

மூன்றரைக்கு யஹ்யா சாப்பிடப் போனான். வரவேற்பில் நுஸ்லாவும் வெள்ளைக் கம்ப்யூட்டரும்.

பின்பக்கத்திலிருந்து மாரியாயி வந்தாள். பழனிமுத்துவின் மனைவி. கெஸ்ட் ஹவுஸின் துணி துவைப்பவள். புருஷன் உள்ளே போன பிறகும் வேலைக்கு வருகிறாள். வராவிட்டால் அந்த வேலையும் இல்லை. பத்து நாளாக நுஸ்லாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று மேசையில் இருந்த கறுப்புப் போனைப் பார்த்தாள்.

"புதுசா?"

நுஸ்லா தலையசைத்தாள்.

"என் மனுஷனுக்குப் போத்திக்க ஒரு சீலை குடுக்கப் போனேன். வாசல்லயே திருப்பிட்டாங்க. உங்களுக்குப் புதுப் போன்."

"மாரியாயி அக்கா—"

மாரியாயியின் கை சால்வையோடு சேர்த்து நுஸ்லாவின் முடியைப் பிடித்தது. தினமும் நாற்பது விரிப்புகளைப் பிழியும் கை. முகம் மேசை விளிம்பில் இடித்தது. காலையில் வீங்கிய அதே இடம். நுஸ்லா தடுக்கவில்லை.

"உங்க தம்பி என் வீட்டுல ஒருக்கா டீ குடிச்சிருக்கு. அவரு அதைப் போய் அடிப்பாராம். உங்க புருஷன் சொன்னா ஊரே நம்புமாம்." மறுபடி இடித்தாள். "எத்தனை பேருக்கு நான் கும்பிடு போடணும்? சொல்லு."

பிறகு அவள் கை நின்றது. மேசையில் பதிந்திருந்த நுஸ்லாவின் இடது கையைப் பார்த்தாள். கட்டு முழுக்கச் சிவந்து, விரல் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இது நான் செய்யல," என்றாள் மாரியாயி.

"இல்ல."

நுஸ்லா கட்டின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். துணி ஒட்டியிருந்தது. இழுத்தாள். குச்சி விழுந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த உலோகத் துண்டைப் பாவாடையில் துடைத்து, வாயால் ஊதி, கம்ப்யூட்டரின் பின்னால் கைவிட்டுத் தடவி ஒரு துளையில் செருகினாள். நுழைந்தது.

"என்ன செய்றீங்க?"

"உங்க வீட்டுக்காரர் அடிக்கல. யார் அடிச்சதுன்னு இதுக்குள்ள இருக்கு. நாலு மணிக்கு முன்னால எடுக்கணும்."

மாரியாயி வாசலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றுகொண்டாள். கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றியிருந்தாள்.

நுஸ்லா வீடியோவை அந்தத் துண்டுக்கு ஏற்ற, திரையில் ஒரு கோடு நீண்டுகொண்டு வந்தது. பாதி. முக்கால். தூரத்தில் ஓட்டோச் சத்தம் கேட்டு, வேறு பக்கம் போய்விட்டது. கோடு முடிந்தது. துண்டைப் பிடுங்கிப் போனின் அடியில் செருகினாள். அங்கேயும் நுழைந்தது. நிரஞ்சன் சொன்னது சரி. வேறு கோடு நீள ஆரம்பித்தது.

"வண்டி," என்றாள் மாரியாயி.

முனாஸின் ஓட்டோ வாசல் படிக்கு நேரே வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் வாப்பா. தொப்பி, வெள்ளைச் சட்டை, பச்சைப் பெல்ட். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வைக்கப் போகிறவர்.

போனில் படம் வந்து சேர்ந்துவிட்டது. திறக்குமா என்று தெரியவில்லை. முனாஸ் உள்ளே வந்து போனைப் பிடுங்குமுன் தெரிய வேண்டும். தொட்டாள்.

திறந்தது. மேலிருந்து தெரியும் சந்து. வேலி. முதுகைக் காட்டி நிற்கும் ஒருவன், தலையில் வெயில் தொப்பி, கையில் இரும்பு. அவன் முன்னால் அகீல்.

வெளியே மயில் கத்தியது.

படத்தில் அகீலின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நுஸ்லா போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வேறு கம்பனி, படம் வந்திருக்கிறது, குரல் வரவில்லை. முதுகு யாருடைய முதுகாகவும் இருக்கலாம். பழனிமுத்துவும் அந்த உயரம்தான். குரல் இல்லாவிட்டால் வாப்பா இதையும் நம்ப மாட்டார்.

பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கினாள். சத்தத்தின் அளவு உச்சிக்கு ஏறியது.

"மச்சான், நான் சண்டைக்கு வரல."

அகீலின் குரல். போனிலிருந்து அல்ல. வாசலிலிருந்து.

"ராத்தாட விரலைப் பார்த்தேன். அதைத்தான் கேட்க வந்தேன்."

ஓட்டோவின் பின் சீட்டுக்கு அடியிலிருந்தும் தலைக்கு மேலிருந்தும் அகீல் பேசினான். துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி வாப்பாவின் கையில் அப்படியே நின்றது. பத்து நாளாகக் கேட்காத குரல். அவர் முதலில் திரும்பி, தான் உட்கார்ந்திருந்த சீட்டைத்தான் பார்த்தார்.

"உன் ராத்தாவை நான் என்னமும் செய்வேன்." இது முனாஸின் குரல். முனாஸ் முன் சீட்டில் வாயை மூடி உட்கார்ந்திருந்தான். "நீ யாருடா கேட்க?"

இரும்பு விழும் சத்தம் அந்தச் செட்டில் நன்றாகக் கேட்டது. முனாஸ் ஊர் கேட்க வேண்டுமென்று வாங்கிப் பூட்டிய செட்.

"முனாஸ் மச்சான்—"

இரண்டாவது.

முனாஸின் கை செட்டை அணைக்க நீண்டது. தொடவில்லை. பின்னாலிருந்து பச்சைப் பெல்ட் அவன் தலைக்கு மேலாக வந்து கழுத்தில் விழுந்தது.

வாப்பா முழங்காலை முன் சீட்டின் முதுகில் ஊன்றினார். மிளகு மூட்டைகளைக் கட்டி இறுக்கும் கைகள். பெல்ட்டின் இரண்டு நுனிகளையும் முஷ்டியில் சுற்றிக்கொண்டு இழுத்தார். முனாஸின் தலை பின்னால் சாய்ந்தது. அவன் கால் பிரேக்கை உதைத்தது. ஹாண்டிலை உதைத்தது. முன் கண்ணாடியில் ஒரு விரிசல் ஓடியது.

மூன்றாவது அடி. நான்காவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அகீல் போதும் மச்சான் என்றான். ஐந்தாவதற்குப் பிறகு சொல்லவில்லை.

நுஸ்லாவின் பெருவிரல் திரையை நோக்கிப் போனது.

"நிறுத்தாதீங்க," என்றாள் மாரியாயி. அவள் இன்னும் வாசலில்தான் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "முழுசாக் கேட்கட்டும்."

முனாஸின் விரல்கள் பெல்ட்டுக்கு அடியில் நுழையப் பார்த்து வழுக்கின. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவன் கண் வாசலைத் தாண்டி நுஸ்லாவின் கையில் இருந்த போனில் நின்றது. காலையில் அவன் வாங்கிக் கொடுத்த போன். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வாப்பா," என்றாள். குரல் வரவில்லை. மறுபடி சொன்னாள். "வாப்பா, விடுங்க. செத்துருவாரு."

ஜவாஹிர் கேட்கவில்லை. அவர் மகனை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது.

ஏழாவது வரவில்லை. படம் நின்றுவிட்டது. திரை மாறி, அதில் ஒரு பெயர் வந்து துடித்தது. பழைய சிம்மில் அவள் என்றோ பதிந்துவைத்த பெயர்.

உம்மா.

ஓட்டோவுக்குள் மணி அடித்தது. வண்டி அதிர அடித்தது. வாப்பாவின் கைகள் பெல்ட்டில் இறுகியபடியே இருந்தன. ஆனால் தலை உயர்ந்தது. அந்த மணி எங்கிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியாது. யார் என்பது மட்டும் மகளின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அகீலுக்கு ஏதாவது இருந்தால் நானே போன் அடிப்பேன் என்று உம்மா சொல்லியிருந்தாள்.

முனாஸின் கால் உதைப்பதை நிறுத்தியிருந்தது. விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாரியாயி கதவிலிருந்து கையை எடுத்தாள்.

நுஸ்லா இரத்தம் படிந்த விரலால் போனின் பச்சைப் பொத்தானைத் தொட்டாள்.

பேசுவதற்கு முன் உம்மா மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் வண்டி முழுவதும் கேட்டது.